ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு வெள்ளைக் குருவி

பாலக்கட்டின் மேல் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேட்டுப் பக்கத்து ஓரத்தில் ஆட்டோ ஓட்டும் முத்துலிங்கம், மடியில் ரொட்டிப் பொட்டலத்தோடு. அவனுக்கு அடுத்து, டவுனில் தையல் கடை வைத்திருக்கும் மார்கிரட். அவளுக்குப் பக்கத்தில் பாலர் பாடசாலை டீச்சர் சுலக்ஷனா. கடைசியில், ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கஜேந்திரன். முதல் மூவரும் மாதத்தில் ஒரு ஞாயிறு குருவி பார்க்க நடப்பவர்கள். தேயிலைக்குள் வெளியாட்கள் நடந்தால் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று சொல்லிக் காவலுக்கு வந்தவர் கஜேந்திரன்.

“நெல்லு காயப்போட்டவங்க குருவிய வெரட்டுவாங்க. நீங்க தேடிப் போறீங்க,” என்று வழியெல்லாம் சீண்டிக்கொண்டே வந்தார்.

கீழே தேயிலைக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

“உரச்சாக்குத் துண்டு,” என்றார் கஜேந்திரன். “நாளைக்கு இந்த ஒன்பதாம் நம்பர் மலையில கவ்வாத்து. எங்க வெட்டத் தொடங்கணும்னு அடையாளம் கட்டச் சொன்னேன்.”

அந்த அடையாளம் எழும்பிப் பறந்து சவுக்கு மரத்தில் போய் உட்கார்ந்தது.

சுலக்ஷனா தூரக்கண்ணாடியை எடுத்தாள். கொண்டைக்குருவி. வீட்டுக் கூரையிலும் கம்பியிலும் நாள்தோறும் பார்க்கிற அதே குருவி, ஆனால் புகைபடிந்த தலையும் மண்நிற முதுகும் இல்லை. கொண்டை முதல் வால் வரை காய்ச்சிய பால் போல வெள்ளை. இறக்கையை விரித்தபோது வெயில் இறகுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. கண் மட்டும் கறுப்பு. வாலுக்கு அடியில் இந்தக் குருவிக்கே உரிய சிவப்பும் அப்படியே இருந்தது. முழுவதையும் வெளுத்த கை, அதைத் தொட மனமில்லாமல் விட்டதைப் போல. அவள் மூச்சை மெதுவாக விட்டாள்.

பிறகு அதன் ஜோடி வந்தது. சாதாரணக் கறுப்புத் தலைக் குருவி. வாயில் புழு. பக்கத்தில் இருப்பது வெள்ளையாயிற்றே என்று அது ஒரு கணமும் தயங்கவில்லை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தேயிலைச் செடிக்குள் இறங்கின. செடிக்குள்ளிருந்து கீச்சென்று சின்னச் சத்தம்.

“குஞ்சு,” என்றாள் மார்கிரட். நாளைக்குக் கத்தி அந்தச் செடிக்கும் வரும் என்பது நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது.

சுலக்ஷனா தூரக்கண்ணாடியை கஜேந்திரனிடம் நீட்டினாள். அதைக் கண்ணில் வைத்தவர் நெடுநேரம் இறக்கவில்லை.

“வெட்ட வேணாம்னு நீங்களே சொல்லலாமே ஐயா?”

“குருவிக்காக கண்டாக்கு மலை வேலைய நிப்பாட்டினான்னு சிரிப்பாங்க டீச்சர். வெளியில இருந்து டீச்சர் ஒருத்தவங்க கேட்டாங்கன்னா அது வேற. எழுத்துல குடுங்க. தொரை என்னன்னு கேட்டா சிங்களத்துல நான் சொல்லிக்கிறேன்.”

அவள் பையில் எப்போதும் தாளும் உறையும் இருக்கும். மடியில் வைத்து, திகதி இட்டு, ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று தொடங்கினாள். கஜேந்திரன் விட்டிருந்த இடத்தைத் தாண்டி நெருங்கி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

“அந்த ஒரு செடிய மட்டும் கேக்காதீங்க. தனியா நின்னா காக்கா பாத்துரும். சுத்தி ரெண்டு நெரை கேளுங்க. குஞ்சு பறக்க எத்தன நாளு?”

“பத்து நாளாவது வேணும்.”

“இருபதுன்னு போடுங்க. தொரை எதக் கேட்டாலும் பாதிதான் குடுப்பாரு.”

முத்துலிங்கம் சிரித்ததில் ரொட்டி புரையேறியது. “ஐயா, ஒங்களுக்கு எதிரா நீங்களே மனுப் போடுறீங்க.”

“நீ பேசாம ஆட்டோவ எடு,” என்றார் கஜேந்திரன். “நாளைக்கு காலம்பர பெரட்டுக் களத்துல ஆளுங்களுக்கு வேலை பிரிக்க முன்ன இது தொரை கையில இருக்கணும். நேரா பங்களாவுக்குப் போ. நான் சொன்னேன்னு சொல்லாத.”

சுலக்ஷனா ஒருமுறை வாசித்தாள். ‘அபூர்வமான’ என்று எழுதியிருந்தது போதாமல் பட்டது. வேறு சொல் அகப்படவில்லை. மடித்து உறையிலிட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து, முழங்காலில் வைத்து அழுத்தி ஒட்டினாள்.

பாலத்தோரம் நின்ற ஆட்டோ கடிதத்தோடு வளைவில் இறங்கி மறைந்தது. அதன் சத்தம் அடங்கியதும் சவுக்கு மரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று தேயிலையை நோக்கித் தாழ்ந்தது.

“அந்தக் கண்ணாடிய இன்னொருக்கா குடுங்க டீச்சர்,” என்றார் கஜேந்திரன்.