நோன்புக் காலத்தில் கன்னத்துச் செல்

ஆசிரியை நவ்வாரா அந்தப் பாடத்தை வீட்டில் பலமுறை பழகியிருந்தாள். பள்ளியிலிருந்து எடுத்து வந்த நுண்ணோக்கியைச் சமையலறை மேசையில் வைத்துக்கொள்வாள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தேய்த்து, ஒரு சொட்டு நீலச் சாயம் விடுவாள். குனிந்து கண்ணை வைத்தால், வெளிறிய நீலத்தில் கசங்கிய துணித்துண்டுகள் போலச் செல்கள் கிடக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் அடர்ந்த ஒரு புள்ளி, உட்கரு. பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுக்காது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழகியதெல்லாம் மாலையில், நோன்பு திறந்து, சூப்பைக் குடித்து, பாத்திரங்களைக் கழுவி வைத்த பிறகு. அந்த நேரத்தில் வாய்க்குள் குச்சி விடுவதில் யாருக்கு என்ன தடை? அதனால்தான் பகலில், நோன்பிருக்கும் வகுப்பில் அது எப்படி இருக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் கல்வி அலுவலகம் அனுப்பிய பாட வரிசையில் அந்த வாரத்துக்கு ‘செல்’ என்று போட்டிருந்தது. அவளும் ‘செல்’ என்று தயாரானாள்.

பாலைவன நகரமான பிஸ்க்ராவின் ஓரத்தில், பேரீச்சந்தோப்புகளைத் தாண்டி இருக்கிற நடுநிலைப் பள்ளி அது. நவ்வாராவுக்கு அங்கே முதல் வருடம். ஆய்வாளர் வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடத்தைப் பார்த்து, சரி என்று எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் இன்னொரு வருடம் தற்காலிகம், அதுவும் பாலைவனத்தில் எந்த மூலை என்பது அவர்கள் இஷ்டம். தய்யிப் என்கிற அந்த ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை வருவதாகத் தகவல் வந்திருந்தது.

அந்த வகுப்பில் ரிஹாப் என்று ஒரு பெண். பதினான்கு வயது, வேறு ஊரிலிருந்து இந்த ஆண்டுதான் வந்தவள். ரமலான் தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள், இடைவேளையில், நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. நவ்வாரா அவளை ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தி, சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தாள். நிறம் திரும்பிய பிறகுதான் பெண் வாயைத் திறந்தாள். சர்க்கரை நோய், எட்டு வயதிலிருந்து ஊசி.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். பொம்பளப் புள்ள, நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு கேட்டு வருவான்னு அம்மா சொல்றாங்க. அதுக்காக இல்ல. இவனுங்க ‘நோன்புத் தின்னி’ம்பானுங்க. அதான்.”

அது வெறும் பயமில்லை. பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன் குழாயில் தண்ணீர் குடித்ததை யாரோ பார்த்துவிட, அந்தப் பெயர் அவனை வாசல்வரை துரத்திக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து சாமான் அறைச் சாவி இடைவேளைகளில் ரிஹாபின் பையில் இருந்தது. குடுவைகளுக்கும் எலும்புக்கூட்டு மாதிரிக்கும் நடுவே நின்று பிஸ்கட்டைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. தய்யிப் பின் பெஞ்சில் அமர்ந்தார். மெலிந்த மனிதர். நோன்புக் களைப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

முதலில் வெங்காயம். அதில் குறையொன்றும் இல்லை. மெல்லிய உள்தோலை உரித்தெடுத்துச் சில்லில் பரப்பி, செங்கல் அடுக்கியது போலச் செல்கள் தெரிவதை வரிசையாக வந்து பார்த்தார்கள். ஸுஹைப் என்கிற வாயாடிப் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே திரும்பி வந்தான்.

“டீச்சர், இத வதக்கி இறைச்சியப் போட்டா சூப்பு. இப்போ போய் இதக் காட்டறீங்களே, நியாயமா?”

“டேய், பார்த்தா நோன்பு போகாதுடா,” என்றாள் இக்ராம். ரிஹாபின் பக்கத்தில் உட்காருபவள்.

“மோந்தா?”

வகுப்பு சிரித்தது. தய்யிப்பும் குனிந்து மீசைக்குள் சிரித்தார். நவ்வாராவுக்குத் தைரியம் வந்தது. போன மாதம் படித்ததை எடுத்துக் கோத்தாள். தின்னும் ரொட்டி குடலில் கரைந்து சர்க்கரையாகிறது, ரத்தம் அதைச் சுமக்கிறது, மூச்சு காற்றைக் கொண்டுவருகிறது. இத்தனை ஓட்டமும் யாருக்காக?

“செல்லுக்காக,” என்றது வகுப்பு.

“அப்போ நோன்பு வெச்சா செல்லு பட்டினியா டீச்சர்?” என்றான் ஸுஹைப்.

“இல்ல. கல்லீரல் சேர்த்து வெச்சிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கொடுக்கும்.”

“எங்க அம்மா மாதிரி,” என்றான் அவன்.

“சரி. இப்போ நம்ம செல்ல நாமளே பாக்கலாம்.” பஞ்சுக்குச்சியை உயர்த்திக் காட்டினாள். “கன்னத்துக்கு உள்பக்கம் லேசா சுரண்டணும். வலிக்காது. யார் வர்றீங்க?”

ஒரு கையும் உயரவில்லை.

எப்போதும் முதலில் எழுபவன் ஸுஹைப். அவன் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசைப் பெண் ஒருத்திதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “டீச்சர், நோன்பு.”

அப்போதுதான் நவ்வாராவுக்கு உறைத்தது.

“வாய்க்குள்ள குச்சி விட்டா நோன்பு போகுமா என்ன? விழுங்கப் போறதில்லையே. தொழுகைக்கு ஒளு செய்யறப்போ வாய் கொப்புளிக்கிறோம்ல?”

“அது தண்ணி டீச்சர். இது குச்சி.”

“பல் தேய்க்கற மிஸ்வாக்கும் குச்சிதானே?”

“அது நபி வழி, சுன்னத்து. இது அறிவியல்,” என்றான் பின்வரிசையில் ஒருவன்.

“எங்க வீட்ல கேட்டுட்டு நாளைக்கு வர்றேன் டீச்சர்,” என்றாள் இக்ராம், மிகுந்த மரியாதையுடன்.

நவ்வாரா பின் பெஞ்சைப் பார்த்தாள். “ஐயா, நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நான் பாடம் பாக்க வந்தவன்மா. மார்க்கத் தீர்ப்பு சொல்ல வரல,” என்றார் அவர், பேனாவின் மூடியைக் கழற்றியபடி.

வகுப்பில் ஒரே ஒருத்தியால் முடியும். நவ்வாராவின் கண் மூன்றாவது வரிசைக்குத் தானாகப் போனது. ரிஹாப் மேசையின் கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பெண் எழுந்து வருவாள். பெயரைச் சொன்னால் வராமல் இருக்க மாட்டாள், அதுதான் சிக்கல். நவ்வாரா கண்ணை எடுத்தாள், மறுபடி போயிற்று, மறுபடி எடுத்தாள். பிறகு குச்சியைத் தன் வாய்க்குள்ளேயே விட்டாள்.

யாரோ மூச்சை இழுத்தார்கள். அவள் சில்லில் தேய்த்துச் சாயம் விட்டாள். அவசரத்தில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது.

“டீச்சர், உங்க நோன்பு போச்சா?” என்று கேட்டான் ஸுஹைப். கேலி இல்லை, உண்மையான கவலை.

“போகல. நீ வந்து பாரு.”

வந்து பார்த்தார்கள். செல் தெரிந்தது. ஆனால் வெங்காயத்தின்போது இருந்த கலகலப்பு திரும்பவில்லை. ஏதோ கண்ணால் பார்க்கவே கூடாததைப் பார்ப்பது போல ஒவ்வொருவரும் சட்டென்று குனிந்து சட்டென்று நிமிர்ந்தார்கள். மணி அடித்தது.

வகுப்பு காலியான பிறகு தய்யிப் முன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார்.

“மாணவர்கள் தாங்களே செய்யணும்னு இருக்கு. செஞ்சது நீங்க.”

“ஆமாங்க ஐயா.”

“பாடத்தை மாத்திப் போட்டிருக்கலாம். வெங்காயம் இப்போ, கன்னம் பெருநாளுக்கப்புறம்.”

“தோணல ஐயா. என் தப்புதான்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “இத்தனை பேர்ல நோன்பில்லாம ஒருத்தர்கூடவா இருக்க மாட்டாங்க? உடம்புக்கு முடியாததுங்க, மத்ததுங்க. எந்த வகுப்புலயும் இருக்கும்மா. உங்களுக்குத் தெரியாதா?”

நவ்வாரா சில்லைத் துடைத்து வைத்தாள். தெரியாது என்று சொல்வது சுலபம். அது வாயில் வரவில்லை.

“தெரிஞ்சாலும் எழுப்பி விட மாட்டேன் ஐயா.”

தய்யிப் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் தாளை மேலிருந்து கீழ்வரை தேடினார். “இத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியல,” என்றார் அலுப்பாக. “திட்டமிடல்ல குறைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுலதான் எழுத முடியும். பெருநாளுக்கப்புறம் இன்னொரு தடவை வர்றேன். விட்ட இடத்துலேர்ந்து காட்டுங்க.”

நிரந்தரம் இல்லை. இல்லை என்றும் இல்லை. நவ்வாரா சாமான்களை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

ரிஹாப் அங்கே நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் வாயிலிருந்ததை விழுங்கினாள். நன்றி சொல்வாள் என்று நவ்வாரா எதிர்பார்த்திருந்தாள் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது கோபம்.

“ஏன் டீச்சர் என்னையே பாத்தீங்க?”

“நான் கூப்பிடலையேம்மா.”

“கூப்பிடல. பாத்தீங்க. ரெண்டு தடவை. இக்ராம் பாத்துட்டா. ‘டீச்சர் ஏன்டி உன்னையே பாக்கறாங்க’ன்னு கேட்டா.”

நவ்வாராவின் கையில் இருந்த தட்டு மெல்ல மேசையில் இறங்கியது. “நீ என்ன சொன்னே?”

“நான்தான் வகுப்புலயே அழகு, அதான் பாக்கறாங்கன்னேன்.”

“நம்பினாளா?”

“அவ நம்புவாளா? அவ தினமும் கண்ணாடி பாத்துத் தன்னையே ரசிக்கறவ.” ரிஹாபின் உதடு ஓரம் சிரிப்பு வந்து போயிற்று. “அப்புறம் எனக்கு மாதவிலக்கு, அதான் நோன்பில்லன்னு நெனச்சுக்கிட்டா. நானும் மறுக்கல. அது பரவாயில்ல, அவளுக்கும் வரும். ஆனா இனிமே அப்படிப் பாக்காதீங்க டீச்சர்.”

“பாக்க மாட்டேன்,” என்றாள் நவ்வாரா. ரிஹாப் மிச்ச பிஸ்கட்டைத் தின்றாள், டீச்சருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நோன்பிருப்பவர் எதிரில் தின்பது மரியாதை இல்லையே.

பெருநாள் வந்து போயிற்று. புதுச்சட்டையும் பேரீச்சம்பழ இனிப்பு மணமுமாக வகுப்பு திரும்பியது. தய்யிப் மறுபடி பின் பெஞ்சில் உட்கார்ந்தார். இம்முறை எதிர்க்கடையில் காபி குடித்துவிட்டு வந்திருந்தார், முகம் தெளிவாக இருந்தது.

“கன்னம். யார் வர்றீங்க?”

கைகள் காடாக எழுந்தன. ஸுஹைப் பெஞ்சின்மேலேயே ஏறி நின்றான். நவ்வாரா இடப்பக்கத்தைப் பார்த்தாள், முன்வரிசையைப் பார்த்தாள், கடைசி வரிசையைப் பார்த்தாள். மூன்றாவது வரிசைப் பக்கம் மட்டும் அவள் கழுத்து திரும்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், பாவம். ஸுஹைப் வந்தான், இன்னொரு பெண் வந்தாள், ஒரு பையன் வந்தான்.

“டீச்சர்.” குரல் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது, பொறுமை போன குரல். “இந்தப் பக்கமும் ஆள் இருக்கோம்.”

ரிஹாப் இக்ராமைத் தாண்டிக்கொண்டு ஏற்கெனவே எழுந்து வந்துகொண்டிருந்தாள். குச்சியை வாங்கினாள். வாயைத் திறந்து, ஆயிரம் முறை ஊசி குத்திப் பழகிய நிதானத்தோடு, ஒரே இழுப்பில் சுரண்டினாள். சில்லில் தேய்த்தாள். நவ்வாரா சாயக் குப்பியைச் சாய்த்தாள்.

“போதும் டீச்சர், போதும்,” என்றாள் ரிஹாப்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் நெடுநேரம் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஸுஹைப், “ஏய், உள்ளயே குடித்தனம் பண்றியா?” என்றான். அவள் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தாள். ஊசி போடாவிட்டால் சர்க்கரை வந்து வாசலில் நின்றும் உள்ளே போக முடியாத இடம் இதுதானா என்று தேடினாளோ என்னவோ. அவள் சொல்லவில்லை.

தய்யிப் எழுந்து வந்து, “நான் பாக்கலாமா?” என்று கேட்டார். அவள் விலகினாள். அவர் குனிந்து பார்த்தார்.

“செல் நல்லா விழுந்திருக்கு. சாயம் கொஞ்சம் கூடிப்போச்சு.”

“நான் சொன்னேன் ஐயா,” என்றாள் ரிஹாப். “டீச்சர்தான் கேக்கல.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நவ்வாராவும் சிரித்தாள். தய்யிப் நின்றபடியே தாளை மேசையில் விரித்து, மாணவர்கள் தாங்களே செய்தார்கள் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார்.