வேலை போனதற்கு ஒரு நன்றிப் பூசை

வெளிநாட்டுத் தேர்தல்களை மேற்பார்வையிடும் அமைப்பில் மகள் ஷெர்லினுக்கு வேலை கிடைத்தபோது, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் லாசர் ஏற்காட்டு மாதா கோயிலில் நன்றிப் பூசை வைத்தார். அப்புறம் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதே பேச்சுதான்.

இப்போது அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"வேலைய உட்டுட்டனுங்கப்பா."

"ஏங் கண்ணு?"

"போன வருசம் ஒரு நாட்டுல ஓட்டுப்பெட்டிய மாத்துனாங்க. தேர்தல் செல்லாதுன்னு எழுதுனோம். இந்த வருசம் பக்கத்து நாட்டுலயும் அதையே என் கண்ணால பார்த்தேன். ஆனா, எங்க அமைப்புக்குப் பணம் குடுக்கற அரசாங்கத்துக்கு அங்க செயிச்சவரு துறைமுகத்தைத் தர்றேன்னுட்டாரு. தேர்தல் நேர்மையா நடந்துச்சுன்னு கையெழுத்துப் போடச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டனுங்க."

லாசர் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பங்குச் சாமியாரிடம் போனார்.

விவரத்தைக் கேட்ட சாமியார், "வேற வேலை கிடைக்கணும்னு வேண்டுதல் பூசை வெச்சிரலாம்" என்றார்.

லாசருக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க சாமி, நான் அழுதுட்டா வந்திருக்கறேன்? நன்றிப் பூசைன்னே போடுங்க."

ஞாயிறன்று சாமியார் பீடத்திலிருந்து வாசித்தார்: "மகள் ஷெர்லின் பொய்க்குக் கையெழுத்துப் போட மறுத்ததற்காக, லாசர் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் நன்றிப் பூசை."

முன்வரிசையில் லாசர் எழுந்து நின்றார்.

"இன்னொருக்காச் சத்தமா வாசிங்க சாமி. பின்னால இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது."