கத்திரி என்று எழுதிய காயம்

தங்கதுரை எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய். செத்துப்போன என் வீட்டுக்காரர் வேதமுத்துவின் தம்பி அவன். பைக் எஞ்சின் வேலைக்கு என்று வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. தனியாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவான். அதனால் ஒரு நாள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், எல்லாரும் நிற்கும்போது கேட்டுவிட்டேன்.

"ஏலேய் தங்கதுரை, போனஸ் வந்துட்டுல்லா. எங்காச எப்பத் தாரே?"

"மதினி காசுல ஓடுத பைக்கு. அதான் மேடு ஏற மாட்டேங்கு" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுகிற வளைந்த கத்தி. மேலிருந்து வீசினான். புருவத்தில் விழுந்து, இமையைப் பிளந்து, கன்னம் வரை இறங்கியது. வலி உடனே வரவில்லை. முதலில் சூடு, அப்புறம் வாயில் உப்பு. கையை வைத்துப் பார்த்தால் இமையில் பாதி விரலோடு வந்தது. நான் விழுந்த பிறகும் விலாவில் மிதித்தான். "கூட்டத்துல கேப்பியா? கேப்பியா?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தான். நிறுத்து வைத்த சாக்கின் மேல் என் ரத்தம் ஓடியது. கணக்கப்பிள்ளை முதலில் சாக்கைத்தான் இழுத்தார்.

எஸ்டேட்டில் வாடகை ஜீப் ஓட்டுகிற பவுல்ராஜ் என்னைத் தன் வண்டியில் போட்டு மலைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். துண்டை அமுக்கிப் பிடித்தபடி படுத்திருந்தேன். எங்கள் சூரியநெல்லி எஸ்டேட்டிலிருந்து மூன்று மணி நேரம். அங்கே மலையாள நர்ஸ் ஒருத்தி பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பரிக்கு எங்ஙனெயா சேச்சி?"

கொழுந்து எப்படிப் பறிக்கிறீர்கள் என்று கேட்கிறாள் என நினைத்தேன். இந்த நேரத்தில் இதை ஏன் கேட்கிறாள் என்று யோசிக்கத் தலை இடம் கொடுக்கவில்லை.

"இப்பல்லாம் கத்திரிதாம்மா. கையால பறிக்கிறதில்ல."

"கத்ரிக கொண்டாணோ?"

"ஆமா, கத்திரிதான்."

எழுதிக்கொண்டாள். பவுல்ராஜ் அப்போது ஜீப்பில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். வெட்டு என்று எழுதியிருந்தால் போலீஸ் வந்திருக்கும். யாரும் வரவில்லை. எஸ்டேட்டிலும் குடும்பச் சண்டை என்று விட்டுவிட்டார்கள்.

தையலோடு எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளித்தான் தங்கதுரை வீடு. வாசலில் நின்று பல்லைக் காட்டினான். "மதினின்னா இப்பிடில்லா இருக்கணும். கத்திரின்னு சொல்லிட்டியளே." ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததைப் பவுல்ராஜ் அவனிடம் சொல்லியிருந்தது எனக்கு அப்போது தெரியாது; அவன் என்ன சொல்கிறான் என்று புரியவில்லை.

தையல் ஆறியபின் இமை தூக்க வரவில்லை. ஈரத் துணி மாதிரி தொங்கியது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கிருஷ்ணப்ரியா பார்த்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுகிறவர். இமைக்கு இன்னொரு ஆபரேஷன் செய்யலாம், ஆராய்ச்சியில் சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்.

"இமை கிழிஞ்சவாளுக்கு ஆபரேஷன் பண்ணி, ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்குன்னு பார்க்கறோம். மொத்தம் நூத்திருபது பேர். எதால கிழிஞ்சுதோ அதை வெச்சுப் பிரிச்சுப்போம். கத்தி, நாய்க்கடி, மெஷின்னு. படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கோ."

நாற்பத்தாறு வயதில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவள் நான். படிவம் தமிழில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். 'காயத்துக்குக் காரணம்' என்ற இடத்தில், 'கத்திரி, தேயிலை பறிக்கும்போது' என்று இருந்தது. நர்ஸ் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று அப்போதுதான் விளங்கியது. மலையாளத்தில் பரிக்கு என்றால் காயம்.

"ஏன் நிறுத்திட்டேள்?" என்றார் டாக்டர்.

இரண்டு கதவு தள்ளி இருக்கிறவனை நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் போனபோது சின்ன அளவுகோலை வைத்து அளந்தார். கண் நன்றாகத் திறந்தது. ஆனால் மூடச் சொன்னால் இரண்டு மில்லிமீட்டர் மூடவில்லை. இந்த இமைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டார்.

"நாலு. தூங்கும்போது மூட மாட்டேங்கு டாக்டரம்மா. செத்த ஆட்டுக் கண்ணு மாதிரி இருக்குன்னு லயத்துல சொல்லுதாவ."

நாலு என்று எழுதிவிட்டு என்னையே பார்த்தார். "கத்திரின்னா கிழிசல் வேற மாதிரி இருக்கும். இது மேலேர்ந்து வீசின மாதிரின்னா இருக்கு. காரணம் தப்பா இருந்தா என் கணக்கும் தப்பாப் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

திரும்பி வரும்போது ஜீப்பில் பவுல்ராஜிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவன் வாயில் எதுவும் தங்காது. தெரிந்தும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லயமே கோவிலுக்குப் போயிருந்தது. எனக்குக் காய்ச்சல். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன். மூடாத அந்த இரண்டு மில்லிமீட்டரில் கதவு வெளிச்சம் சட்டென்று மறைந்தது. விழித்துக்கொண்டேன். தங்கதுரை நின்றான், அதே கத்தியோடு.

நான் எழுவதற்குள் நெஞ்சில் முழங்காலைப் போட்டு, கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, நல்ல கண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். "இதையும் எடுத்துட்டா அப்புறம் என்னத்த வாசிப்பே?" கண்ணுக்குள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் வெடித்தது. கட்டிலுக்குக் கீழே கையை விட்டேன். சனிக்கிழமை தீட்டி வைத்த கொழுந்துக் கத்திரி கையில் தட்டியது. கண்ணை அழுத்திய கையில் அதை மாட்டி, இரண்டு கையாலும் இறுக்கினேன். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. ஒரு விரல் என் மார்பில் விழுந்தது. இன்னொன்று தோலில் தொங்கியது. கத்தியைப் போட்டுவிட்டு ஆடு மாதிரி கத்தினான். கத்திரியின் பிடியால் தோளில் அடித்தேன், முதுகில் அடித்தேன், வாசலுக்குத் தவழ்ந்து போகும்போதும் அடித்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அவனையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் பவுல்ராஜ் கொண்டுபோனான். வந்து சொன்னான்: "பரிக்கு எங்ஙனென்னு அந்த நர்ஸு கேட்டா. கத்திரி பட்டுட்டுன்னு அவனே சொல்லிட்டான். ஒங்க வீட்டுக்குள்ள எதுக்குப் போனேன்னு கேட்டா வேற என்னத்தச் சொல்லுவான்?"

அதன் பிறகு அவன் என் கதவுப் பக்கம் வரவில்லை. கடைசியாகப் பன்னிரண்டாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில் பவுல்ராஜ் ஒரு கவரை நீட்டினான்.

"தங்கதுரை குடுத்தான். நாலாயிரத்து எழுநூத்து இருவது. ரெண்டு பேருக்கும் கத்திரின்னே இருக்கட்டும்னான்."

எண்ணிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் அளந்தார், போட்டோ எடுத்தார். "பத்துக்கு எத்தனை?"

"பத்து."

"இன்னும் மூடலியே. போன தடவை வெறும் நாலுதானே போட்டேள்?"

"மூடாததுக்குத்தான் பத்து டாக்டரம்மா. அந்தப் படிவத்த இங்க தாங்க."

கத்திரி என்ற எழுத்தை ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் மெதுவாக, பிழை வராமல் எழுதினேன்: 'கவ்வாத்துக் கத்தி. தங்கதுரை வெட்டினான்.'

டாக்டர் இரண்டு தடவை வாசித்தார். "இதை எழுதினா நான் போலீசுக்குச் சொல்லியே ஆகணும்."

"சொல்லுங்க. அவன் விரலப் பத்தியும் கேப்பாங்க. அது நெசமாவே கத்திரிதான். வெட்டுனது நான்."

வெளியே வந்து பவுல்ராஜிடம் சொன்னேன். அவன் சாவியைத் திருகாமல் என் பக்கம் திரும்பினான்.

"காச வாங்கிட்டு இப்பிடிப் பண்ணிட்டியே அக்கா."

"அது பைக்குக்கு வாங்குன காசு. சரியா இருக்கு. கடன் தீந்துட்டுன்னு அவங்கிட்டச் சொல்லிரு."