கடைவாய்க் கட்டி

தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜெயந்தினிக்குக் கடைவாயில், ஈறோடு ஒட்டி ஒரு கட்டி வந்தது. நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளோடு ஒரே மலையில் நின்று கொழுந்தெடுத்த பெரியாயி, போன வருடம் வாய்ப் புற்றுநோயில் செத்துப்போனாள். அவளுக்கும் சின்னக் கட்டியாகத்தான் தொடங்கியது. அந்தச் சாவு வீட்டிலிருந்து திரும்பிய அன்றே ஜெயந்தினி வெற்றிலையை விட்டுவிட்டாள். விட்டும் வந்துவிட்டதே என்பதுதான் இப்போது அவளுக்கு ஆற்றாமை.

கன்னம் வீங்கிய பிறகு மறைக்க முடியவில்லை. கணவன் புவனேந்திரன் வேலைக்குப் போகாமல் அவளை பஸ்ஸில் பதுளைக்குக் கூட்டிப்போனான்.

பல் டொக்டர் ஷம்ரா கட்டியை அழுத்திப் பார்த்தார். பல்லை லேசாகத் தட்டியதும் ஜெயந்தினி துடித்துப்போனாள். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

“கேன்சருங்களா டொக்டர்?”

“இல்லம்மா. சீழ்க்கட்டி. சூத்தைப் பல்லால வந்தது.”

“வெத்தலைய விட்டு ஒரு வருசமாச்சு. பல்லு எப்படிங்க கெட்டுச்சு?”

“வெத்தலைக்குப் பதிலா வாயில என்ன போடுறீங்க?”

“டொபி. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. கன்னத்துல அடக்கிக்கிட்டே கொழுந்தெடுப்பேன்.”

“இந்தப் பக்கமா?”

“ஆமாங்க.”

ஷம்ரா சிரித்துவிட்டார். “எல்லார் வாயிலயும் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. பல்லுல பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டிருக்கும். நாம திங்கிற இனிப்ப அதுவும் தின்னுட்டு அமிலத்தை விடும். அதுதான் பல்லைக் கரைக்குது. எப்பவாச்சும்னா எச்சிலே சரிபண்ணிரும். நீங்க நாள் முழுக்க ஊட்டினா? ஓட்டை விழுந்து, கிருமி வேர் வரைக்கும் போயிருச்சு.”

“அப்ப வெத்தலைய விட்டது தப்புங்களா?”

“ஐயோ, அது நல்ல காரியம். திரும்பத் தொட்டுராதீங்க. டொபியையும் விடுங்க. படுக்கப் போறப்பவும் பல்லு விளக்குங்க.”

மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். சீழும் வடிந்தது.

வெளியே புவனேந்திரன் சுவரோரமாக நின்றிருந்தான். வாயில் பஞ்சோடு அவள் சொன்னாள்: “பழ்ழுதாங்க. வெழும் பழ்ழுதான்.”

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, சட்டையால் முகத்தைத் துடைத்தான். “நானும் பெரியாயியத்தான் நெனச்சேன் புள்ள. ஒங்கிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு.”

ஜெயந்தினிக்குச் சிரிப்பு வந்தது. மரத்துப்போன முகத்தில் ஒரு பக்கம்தான் சிரித்தது. திரும்பும் பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்தவள், வழியிலுள்ள ஹாலிஎல வருமுன்பே தூங்கிப்போனாள்.