எச்சில் அப்பம்

தையல்காரி இரண்டு மாதமாகத் திருவிருந்துக்குக் கை நீட்டவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவனைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஆலயத்துக்குப் போவாள். அப்பம் கொடுக்கும் நேரம் வந்தால் நைசாக எழுந்து வெளியே நழுவிவிடுவாள்.

ஒரு காலத்தில் விடிவதற்கு முன்பே மெஷின் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தவள் அவள். நெஞ்சுக்குள் இதமாக ஒரு சூடு பரவும். கிறிஸ்து எனக்குள்ளே, நான் அவருக்குள்ளே என்று பெண்கள் கூட்டத்தில் மற்றவர்களுக்கு விளக்கம் வேறு சொல்வாள். வாய்ச்சொல்லுக்கு என்ன, காசா பணமா? கணவனுக்குப் பக்கவாதம் வந்தது. ஜெப நேரம் படுக்கை விரிப்பு அலசுவதில் போயிற்று. தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மலையாய்க் குவிந்தன. அந்த மனிதருக்குப் பேச்சில் மிஞ்சியது "சரி" என்கிற ஒற்றைச் சொல்தான். ஊட்டினாலும் சரி, திட்டினாலும் சரி.

ஒரு மத்தியானம் அப்போதுதான் மாற்றிய விரிப்பை அவர் மறுபடியும் நனைத்துவிட்டார். "செத்துத் தொலைங்களேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் அவளைப் பார்த்து, "சரி" என்றார்.

அன்றோடு முடிந்தது என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். இப்படிப்பட்ட வாய் உள்ளவளுக்குள் கிறிஸ்து எப்படி இருப்பார், போய்விட்டார். ஒரு கடுஞ்சொல் கேட்டதும் மூட்டை கட்ட அவர் என்ன வாடகைக்கா வந்தார்? அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

ஒரு சாயங்காலம் போதகர் அப்பமும் திராட்சை ரசக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். சபைக்குப் புதியவர், சின்ன வயது.

"அவருக்கு மட்டும் குடுங்க ஐயா. எனக்கு வேண்டாம்."

ஏன் என்று கேட்டார். "எனக்குள்ள இப்ப யாரும் இல்லைங்க" என்றாள். போதகர் புத்தகத்தைத் திறந்து ஜெபத்தை வாசித்தார்.

அப்பத்துண்டைக் கணவனின் நாக்கில் வைத்தார். அவர் மென்று பார்த்தார்; விழுங்க முடியவில்லை. ஊறிப்போன அப்பம் எச்சிலோடு வழிந்து மோவாயில் வந்து நின்றது. கிறிஸ்துவின் உடலாக ஆசீர்வதித்த அப்பத்தைக் கீழே போடக்கூடாது, மிச்சத்தை யாராவது சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். போதகரின் கை பாதி தூரம் வந்து தயங்கியது. பாவம், அவரும் மனிதர்தானே.

தையல்காரிக்குத் தயக்கம் ஏது? அந்த வாயில் வழிவதைத் தினமும் துடைத்துப் பழகிய கை. வழித்து எடுத்தாள். துணியில் துடைக்கப் போனவள், இது அப்பம் என்று உறைத்ததும் தன் வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் என்ன செய்தோம் என்பதே புரிந்தது.

"நான் சாப்பிட்டுட்டேன் ஐயா" என்றாள், திருடி மாட்டிக்கொண்டவள் போல.

 அவள் நெஞ்சில் பழைய சூடு வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. வாயில் கணவனின் எச்சில்தான் புளித்தது. இந்த நாற்றம் பிடித்த வாய்க்குள் கிறிஸ்து முகம் சுளிக்காமல் போனார், அங்கிருந்து எனக்குள்ளும் வந்துவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நினைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு உங்களச் செத்துப் போகச் சொன்னேங்க. என்ன மன்னிச்சிடுங்க."

அவர் உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை.

போதகர் கிண்ணத்தை முதலில் அவளிடமே நீட்டினார். குடித்தாள். கணவனுக்குக் குடித்தால் புரையேறும். அதனால் திராட்சை ரசத்தில் விரலை நனைத்து அவர் நாக்கில் தடவினாள். அவர் வாய் மெல்ல மூடி அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. போதகர் ஜெபித்து முடித்துவிட்டார். அப்போதும் அந்த வாய் விடவில்லை. அவளும் எடுக்கவில்லை.