இருநூற்று ஐந்து தலை

இந்தக் காலத்தில் எவன் தலையை எண்ணுகிறான், எல்லோரும் தாளைத்தான் எண்ணுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அய்யாவு ரப்பர் மரங்களின் நிரையில் நடந்தார். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து இதே கதைதான். எதிரே நிற்கிற ஆளைப் பார்க்க மாட்டான். தாளைக் கொண்டா என்பான்.

ரெங்கம் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அந்த ஆள் கணக்குத் தாளை எழுதியவரே அவர்தான். அதில் பிழை இருந்தது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

கணக்கு எழுதும் கிராணி ஓடிப்போனதால், ரப்பர் பால் கொட்டகையில் வாளி எண்ணும் அய்யாவு தலையில் ஆள் கணக்கு விழுந்தது. சபாபதி வாத்தியார் நான் எழுதித் தருகிறேன் என்றார். அய்யாவு யாரை நம்பினார், வாத்தியாரை நம்ப? தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய் ஒவ்வொரு தலையாகத் தானே எண்ணினார். தானே எழுதினார்.

ஒரு மாதம் கழித்து லாரி வந்தது. ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி தாளைப் பார்த்து வாசித்தான்: "இரண்டாயிரத்து ஐந்து பேர். நூற்றுக்கு இரண்டு ஆள் சயாம் ரயில் வேலைக்கு. மொத்தம் நாற்பது."

தான் எண்ணியது அவ்வளவு தலையில்லை என்று அப்போதே அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் அறை விழும், தலையும் போகலாம். திறக்கவில்லை. தங்கை ராஜம்மாவின் மகன் செல்லப்பன், "மாமா, அம்மாவைப் பாத்துக்கங்க" என்று சொல்லி லாரியில் ஏறினான். சயாமுக்குப் போனவர்கள் ஒருவரும் இதுவரை திரும்பவில்லை. ராஜம்மா இன்றும் அவருக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுக்கிறாள். அதை அவர் பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்.

அய்யாவு போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் சபாபதி மரத்தடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, இருநூத்தஞ்சு எழுதிக் காட்டுங்க."

"அன்னிக்கு என்னை நம்பாம விரட்டுனீங்க. இப்ப என்னண்ணே பாடம்?"

"எழுதுங்க லா."

சபாபதி மணலில் மூன்று கட்டம் போட்டார். "நூறு ரெண்டு. தனியா அஞ்சு. நடுவுல பத்துக் கட்டம் காலி, அதுக்கு ஒரு சுழி."

"நான் இருநூறுன்னு முழுசா எழுதி, பக்கத்துல அஞ்சு போட்டேன். வாயால சொல்ற மாதிரியே."

அய்யாவு விரலால் எழுதிக் காட்டினார். முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"நாலு கட்டம் வந்துட்டா ஆயிரம் தாத்தா. இது ரெண்டாயிரத்து அஞ்சு."

சபாபதியின் கைக்குச்சி நின்றது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"நாலு பேரு போயிருக்கணும்" என்றார் அய்யாவு. "மிச்சம் முப்பத்தாறு பேரை நான்தான் ஏத்தி அனுப்பியிருக்கேன்."

"அண்ணே, அவன் நெனச்சா தோட்டத்தையே அள்ளிட்டுப் போவான். ஜப்பான்காரன் எங்க கணக்குப் பாக்கிறான்?"

"பாத்தான். நாப்பது ஏறினதும் கையை நீட்டி மறிச்சான். அடுத்து நின்ன காளியப்பனை வீட்டுக்குப் போடான்னு பிடிச்சுத் தள்ளினான். காளியப்பன் இன்னைக்கும் மரம் சீவிக்கிட்டு இருக்கான்."

சபாபதி மணலில் இருந்த எண்ணைக் காலால் அழித்தார். பிறகு, "ராஜம்மாகிட்ட சொல்லிடாதீங்க. உங்க மேல தப்பில்ல" என்றார்.

"தப்பில்லைன்னா பிள்ளைங்களை எதுக்கு அனுப்புனீங்க?"

 அய்யாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தங்கை வீட்டுப் பக்கம் நடந்தார்.