அண்ணன் நிற்காத தேர்தல்

என் புருஷனை நான்தான் வீட்டில் பூட்டி வைத்திருக்கிறேன் என்று ஊரே பேசியது. பூட்டி வைக்க அவர் என்ன நகையா? ஆனாலும் அந்தப் பேச்சுக்குக் காரணம் அவரேதான். கட்சிக் கூட்டத்தில், மேடையில், மைக் முன்னால் நின்று, "இந்தத் தடவை நான் நிக்கலை. எங்க வீட்டம்மாவுக்கு ஒரு புருஷன் வேணுமாம்" என்று சொல்லிவிட்டார். கூட்டம் முதலில் சிரித்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் தூக்கிய கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மானம் போயிற்று. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

நான் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. மகளுக்குக் கல்யாணம் செய்து அனுப்பிய மறுநாள், "நாம ரெண்டு பேரும் மட்டும் உக்காந்து கடைசியா எப்ப சாப்பிட்டோம்?" என்று கேட்டேன். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியைத் திணறடித்த மனிதர், விரல்விட்டு எண்ணப் பார்த்து, பாதியிலேயே கையைத் தட்டில் வைத்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான்.

அவர் நிற்கவில்லை என்றால் ஒரு தொகுதிதானே போகும் என்று நினைத்தேன். அரசியல்வாதி பெண்டாட்டிக்கு அரசியல் தெரியாது என்பதற்கு நானே சாட்சி. பக்கத்துத் தொகுதிகளில் ஜெயித்தவர்களெல்லாம் இவர் வண்டியில் தொற்றிக்கொண்டு ஜெயித்தவர்கள். இவர் தோளில் கைபோட்ட படம் இல்லாமல் ஒரு சுவரொட்டிகூட அடித்ததில்லை. இப்போது ஒவ்வொருவராக வந்து, "அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று கையைப் பிசைந்தார்கள். கட்சித் தலைவரே வந்தார். "இவர் இல்லேன்னா ஆட்சி அமைக்கறதே இழுபறியாயிடும்மா" என்றார். "நாட்டை ஆள என் புருஷன் ஒருத்தர்தான் கிடைச்சாரா?" என்று கேட்டேன். டீயைக் குடிக்காமலே போய்விட்டார். காய்கறிக்கடை அம்மா அதற்கும் மேல். "எங்க அண்ணனை எங்களுக்கு இல்லாமப் பண்ணிட்டியே, தாயி" என்றாள். "ஏன், எனக்கு மட்டும் இருந்தாரா?" என்று கேட்டுவிட்டுத் தக்காளியை வாங்காமலே திரும்பினேன்.

சரி, வீட்டுக்கு வந்தவர் என்ன செய்தார்? விடியும் முன்பே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, முன்னறையில் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு கையையும் கூப்பிவிட்டு வாங்கினார். கட்டின பெண்டாட்டிக்குக் கும்பிடு! குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன். "சம்பந்தப்பட்டவங்ககிட்ட பேசறேம்மா, ஒரு வாரம் டைம் குடுங்க" என்றார்.

"ஐயா, நான் உங்க தொகுதி இல்ல, உங்க பொண்டாட்டி."

அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டேதான் இருந்தது.

எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் தெருவில் ஏதாவது வண்டி நின்றால் போதும், அவர் கை பாதி வழியில் நின்றுவிடும். காது வாசலுக்குப் போய்விடும். அவர் இல்லாத வீட்டில் அத்தனை வருடம் அவருக்காக ஏங்கினேன், அதில் ஒரு நியாயம் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவருக்குப் பதிலாக மருந்துக்கடைக்காரரை நிறுத்தினார்கள். தங்கமான மனிதர். மைக்கைப் பிடித்தால்தான், சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று மாத்திரை சொல்வதுபோலப் பேசுவார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஒரே ஒரு நாள் என்கூட வண்டியில வந்து நில்லுங்க. பேசவே வேணாம், சும்மா கையாட்டுங்க" என்று கேட்டார். நான் சமையலறையில் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எனக்கு ஏறத்தான்பா தெரியும், இறங்கத் தெரியாது" என்றார் என் வீட்டுக்காரர். "இவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

மருந்துக்கடைக்காரர் போகும்போது என்னைப் பார்த்து, "வரேன் அண்ணி" என்றார். பத்து வசவு வாங்கியதுபோல் இருந்தது.

ஓட்டு இயந்திரம் வராத, காகிதச் சீட்டில் முத்திரை குத்திய காலம் அது. இதற்கிடையில் டீக்கடைகளில் ஒரு புரளி கிளம்பியது. "ஓட்டுச் சீட்டுல அண்ணன் பேரை எழுதிப் போடுங்க. ஊரே எழுதினா எடுத்துக்கிட்டுத்தானே ஆகணும்?" சட்டத்தில் அப்படி ஒரு வழியே கிடையாது. எழுதினால் செல்லாத ஓட்டு, அவ்வளவுதான். யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஓட்டுப்போட இருவரும் நடந்தே போனோம். மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தேன். மருந்துக்கடைக்காரர் பெயருக்கு நேரே முத்திரை குத்தத்தான் போனேன், சத்தியமாக. கண் என் வீட்டுக்காரர் பெயரைத் தேடியது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்லை. இல்லாமல் செய்தவளே நான்தான், அப்புறம் என்ன தேடல்? மனசு கேட்கவில்லை. வீட்டில் இருந்தும் இல்லை, தெருவில் இல்லை, இந்தச் சீட்டிலும் இல்லையென்றால் அந்த மனிதர் எங்கேதான் இருக்கிறார்? முத்திரையை வைத்துவிட்டு, பர்ஸில் கிடந்த பேனாவை எடுத்து, ஓரத்தில் அவர் பெயரை எழுதினேன். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

முடிவு வந்த அன்று தொலைக்காட்சி முன்னால் இருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்துத் தொகுதிகள் சீட்டுக்கட்டு வீடு மாதிரி சரிந்தன. அங்கெல்லாம் பாதிப் பேர் ஓட்டுப்போடவே வரவில்லையாம். எங்கள் தொகுதியில் மருந்துக்கடைக்காரர் நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றார். செல்லாத ஓட்டு ஆயிரக்கணக்கில். ஆட்சி அமைக்கக் கட்சிக்கு ஒரே ஓர் இடம் குறைந்தது. செல்லாத சீட்டுகளில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் எழுதியிருந்தது என்று செய்தி வாசித்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"முட்டாப் பசங்க" என்றார். "என் பேரை வச்சே அந்த மனுஷனைக் கவுத்துட்டானுங்களே."

"அதுல ஒண்ணு என்னோடது."

திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றே?"

"நானும்தான் எழுதினேன்."

"நீதானேடி நிக்க வேணாம்னு சொன்னே?"

"நிக்க வேணாம்னுதான் சொன்னேன். நீங்க வேணாம்னு எப்ப சொன்னேன்?" நிறுத்த முடியவில்லை, எல்லாம் கொட்டிவிட்டது. "வீட்டுக்கு வந்துட்டீங்கன்னு ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் நீங்க இன்னும் வந்து சேரலை. எங்க போய்த் தேடறதுன்னு தெரியாமத்தான் அங்க எழுதினேன்."

அவர் தொலைக்காட்சியை அணைத்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெளியே ஒரு வண்டி வந்து நின்றது, போனது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குத்தான், கேட்கவே வேண்டாம். போகட்டும், பாவம் அந்த மனுஷன் என்று நான் டம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

"நீயும் வா" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து 'போயிட்டு வரேன்' கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். இது புதிதாக இருந்தது.

"இருங்க, தலை வாரிட்டு வரேன்" என்று உள்ளே போனேன். அவர் வாசலில் நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. சிக்கே இல்லாத தலையை மெதுவாக, மிக மெதுவாக வாரினேன். கொஞ்சம் காத்திருக்கட்டும்.